நெஞ்சின் மேல் ஒரு மூளைத்தண்டு

அசையாமல் இருங்கள் என்று யாராவது சொல்லிவிட்டுப் போனால் அந்த நிமிஷமே மூக்கு நுனி அரிக்கத் தொடங்கிவிடும். சுடலைமுத்துவுக்கும் அரித்தது. சொறிய ஒரு கை வேண்டும், இரண்டு கையும் வேலையாக இருந்தன, ஒன்று குழந்தையின் அடியைத் தாங்கியிருந்தது, மற்றது அதன் முதுகின் மேல். சட்டைப் பொத்தான்களை எல்லாம் திறந்துபோட்டு ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில் அவன் மல்லாந்திருந்தான், வெறும் நெஞ்சின் மேல் மகள் குப்புறக் கிடந்தாள், ஒரு குல்லா, ஒரு டயபர், இரண்டு காலுறை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய் ஒன்று, பாதத்தில் சிவப்பாக மினுக்கும் ஒரு ஒயர், அவ்வளவுதான் இந்த உலகத்தில் அவளுடைய சொத்து. இருவரையும் சேர்த்து ஜெபராணி சிஸ்டர் ஒரு துணியால் கட்டிவிட்டுப் போயிருந்தாள். கங்காரு கட்டு என்று அதற்குப் பேர். தாயின் நெஞ்சில் கட்டுவதுதான் வழக்கம், தாய்க்கு முடியாதபோது தகப்பன் நெஞ்சும் ஆகும், சூடு எல்லாருக்கும் ஒரே சூடுதான் என்று சிஸ்டர் சொன்னாள். தாய் மூன்றாம் மாடியில் கிடந்தாள். எட்டாம் மாசம் தொடங்கியதும் தொடங்காததுமாக ஆவுடைக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து, பிறகு தையல் பழுத்துக் காய்ச்சல் வந்து, இன்று காலையில்தான் காய்ச்சல் விட்டிருந்தது. மகளை அவள் போனில் படமாகப் பார்த்ததோடு சரி. ஒன்றரைக் கிலோவும் கொசுறும் என்று எடை, பேர் இன்னும் வைக்கவில்லை, காலில் கட்டியிருந்த பட்டையில் ஆவுடைச்செல்வியின் பெண் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தது. மூச்சு விட்டாள். அவனுடைய நெஞ்சு முடிக்குள் சின்னதாக ஒரு சூடு பட்டு விலகியது. மறுபடி விட்டாள். சரி, மூக்கு அரித்தால் அரித்துவிட்டுப் போகட்டும்.

நேற்று மத்தியானம் அவள் மூச்சு விட மறந்துவிட்டாள். டாக்டர் ரெஹானா அந்தச் சொல்லைத்தான் சொன்னார், குறைமாசப் பிள்ளைகள் சில சமயம் மறந்துவிடும், மூளைத்தண்டு இன்னும் பழுக்கவில்லை, உங்களுக்குத் தெரியாததா சார் என்று. தெரியும்தான். அதைத் தவிர வேறு என்ன தெரியும் அவனுக்கு. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லித்தருகிற வாத்தியார், அதிலும் மூளைத்தண்டு அவனுடைய செல்லப் பாடம், பெரிய மூளையின் அடியிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு இறங்கி முதுகுத்தண்டில் போய்ச் சேரும் அந்தத் துண்டைக் கையில் எடுத்துவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாட்டு நினைப்பு வராது. மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், கீழே முகுளம். கண்ணை உருட்ட, முகம் சுளிக்க, மெல்ல, விழுங்க, கேட்க, நாக்கை நீட்ட, எல்லாவற்றுக்குமான நரம்புகள் புறப்படும் இடங்கள் அதற்குள்தான் மேலிருந்து கீழாக உட்கார்ந்திருக்கின்றன, நரம்புக்கருக்கள் என்று அவற்றைச் சொல்வார்கள், மூச்சை ஓட்டுகிற இடமும் அதே முகுளத்துக்குள்தான். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் ஃபார்மலினில் ஊறிச் சாம்பல் நிறமாகிப் போனவை. மூச்சை மறந்து பல வருஷம் ஆனவை. மறப்பது என்றால் என்ன, மறக்க முதலில் தெரிந்திருக்க வேண்டாமா, இவளுக்கு மூச்சு தெரிந்தே இரண்டு வாரம் ஆகவில்லை. நேற்று மானிட்டர் கத்தியபோது அவன் இங்கேதான் நின்றுகொண்டிருந்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய உதடு நாவல்பழம் தின்றவள் மாதிரி ஆனது, ஜெபராணி சிஸ்டர் ஓடவுமில்லை பதறவுமில்லை, பெட்டிக்குள் கையை விட்டுப் பாதத்தில் ஒரு சுண்டு சுண்டி, ஏட்டி, மூச்ச விடுட்டி மூதி, என்றாள். விட்டாள். அவ்வளவுதான். படித்த படிப்பெல்லாம் அந்தச் சமயத்தில் அவன் வாயில் ஒரு சொல்லாகக்கூட வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். மூச்சு விட்டாள். விடுகிறாள். மானிட்டரைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிவைத்திருந்தான், கண் மட்டும் தானாக அங்கே போனது. பச்சை எண் ஒழுங்காக இருந்தது.

கண் தானாகப் போவதில்லை, அதை ஒரு கரு போக வைக்கிறது, கண்ணை வெளிப்பக்கம் திருப்புவதற்கென்றே பான்ஸில் ஒன்று, ஆறாம் நரம்பின் கரு. அதை நினைத்தால் அவனுக்கு எப்போதும் சிரிப்புதான். முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு தன் கருவிலிருந்து நேராக வெளியே போகலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் போகாது, பின்னால் வந்து இந்த ஆறாம் கருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும், கோயிலுக்குள் வந்துவிட்டுப் பிரகாரம் சுற்றாமல் போகக் கூசுகிறவர்களைப் போல. வகுப்பில் இதைச் சொல்லும்போது கையை வேறு சுற்றிக்காட்டுவான், பையன்கள் அதற்கு ஒரு பேரே வைத்திருந்தார்கள், சுடலை சார் தீபாராதனை என்று. பேருக்கு வந்த வம்பு கொஞ்சமா. சுடலைமாடனுக்கு நேர்ந்து வைத்த பேர், சுடுகாட்டுச் சாமியின் பேரை வைத்துக்கொண்டு பிணவறையில் சம்பளம் வாங்குகிறவன், இவனைவிட யாருக்குப் பொருந்தும் என்று வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து கேலிதான். பெண் பார்க்கப் போன இடத்தில் ஆவுடைகூடக் கேட்டாள், எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த கூடத்தில் வைத்தே, உசிரோட இருக்கவங்களத் தொட்டுப் பாப்பீங்களா இல்லையா, என்று. அந்தக் கேள்விக்காகவே அவளைக் கட்டிக்கொண்டான். இப்போது வந்து பார்க்க வேண்டும் அவள். குல்லாவின் பின்பக்கம், கழுத்துக் குழிக்கு மேலே, அவனுடைய மோவாய்க்குக் கீழே, இதோ இந்த இடத்தில், அவன் சுண்டுவிரலில் பாதி இருக்குமா, அத்தனை கருக்களும் கடுகுக்கும் சின்னதாக, சுடச்சுட, ரத்தம் ஓட உட்கார்ந்திருக்கின்றன. உயிரோடு இருக்கிற ஒரு மூளைத்தண்டு இவ்வளவு கிட்டத்தில் அவனுக்கு வாய்த்ததே இல்லை. வாய்த்ததும் அவனுடையதே. பாதி ஆவுடையினுடையது, அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள்.

குழந்தை கையை விரித்து அவன் நெஞ்சு முடியில் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டது. வலித்தது, சுகமாகவும் இருந்தது. தூக்கத்தில் என்ன பிடி. காபியின் வேலையாக இருக்கலாம். மூச்சு மறக்காமல் இருக்க இவர்களுக்குத் தினம் காபிச் சத்தை மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆவுடை போனில் விழுந்து விழுந்து சிரித்தாள், காலைக் காபி ஒரு வாய் குறைந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற வம்சம் அவளுடையது, எம்மகள்தான், சந்தேகமே இல்ல, என்றாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. பாலைப் பற்றிக் கேட்டாள். பால்தான் அவளுக்குப் பெரிய துக்கமாகிவிட்டது. வேளை தவறாமல் பிழிந்து கிண்ணத்தில் கொடுத்தனுப்புகிறாள், குழாய் வழியாக இவளுக்குப் போவது அதில் ஒரு வாய்கூட இல்லை, குடித்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று ஆயா போய் ஒப்பிக்க, மிச்சத்தைக் கொட்டும்போதெல்லாம் ஆவுடை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாளாம். என் பால் அவளுக்கு வேண்டாமா என்று நேற்று கேட்டாள். வேண்டாமல் என்ன, விழுங்கத் தெரியவில்லை. அதை எப்படிச் சொல்வது. விழுங்குவது என்ன லேசுப்பட்ட காரியமா. உதடு குவிய ஏழாம் கரு, தாடை அசைய ஐந்தாம் கரு, நாக்கு பின்னால் தள்ள முகுளத்தின் நடுக்கோட்டை ஒட்டிப் பன்னிரண்டாம் கரு, ருசி வந்து சேர ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் தொண்டையைச் சுருக்கிக் குரல்வளையை மூடுகிற அந்த ஒன்று, அதைத்தான் அவன் ஒருநாளும் மாணவர்களுக்கு ஒழுங்காகக் காட்டியதில்லை, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் விளிம்பு தெரியாது, இங்கே எங்கேயோ இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு நகர வேண்டியதுதான், தெளிவில்லாதது என்றே அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். இத்தனை பேரும் ஒரு நொடிக்குள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அந்த நொடி மட்டும் மூச்சு நிற்க வேண்டும், நின்றது உடனே திரும்பி வர வேண்டும். ஒரு சொட்டுப் பாலுக்கு. ஏற்கனவே மூச்சை மறக்கிறவளிடம் போய் மூச்சை நிறுத்திவிட்டுத் தொடங்கு என்று சொல்கிறது உலகம்.

காலையில் டாக்டர் ரெஹானா வந்து பார்த்துவிட்டு ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். இன்று சாயந்திரம் வரை மறக்காமல் இருந்து, உறிஞ்சப் பார்க்கிறாள் என்று ஒரு அறிகுறியும் தெரிந்தால், பால் புகட்டும் பாலாடையில் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம், அதைக் குடித்துவிட்டால் குழாயை எடுத்துவிட்டு மேலே அம்மாவிடம் அனுப்பிவிடலாம். மறந்தால் மறுபடியும் கண்ணாடிப் பெட்டி, மூக்கில் காற்றுக் குழாய், அப்புறம் எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். அவன் கேட்கவில்லை. சிஸ்டர் காலையில் தன் சுண்டுவிரலைக் கழுவி உறையிட்டு இவள் வாயில் வைத்துப் பார்த்தாள், விரலை வாயில் வைத்துக்கொண்டே இவள் தூங்கிவிட்டாள், கோபம்கூட வரவில்லை இந்தப் பெண்ணுக்கு. பன்னிரண்டாம் கருவே, கொஞ்சம் எழுந்திரு. ஐந்தாம் கருவே, உன்னை எத்தனை பேருக்குப் பாடமாகச் சொல்லியிருப்பேன், பரீட்சையில் உன்னை எழுதாதவர்களுக்கு மார்க் குறைத்திருக்கிறேன், அதற்காகவாவது. சுடலைமாடா என்று கூப்பிட்டால் ஒரு ஆடோ சேவலோ கேட்டுவிட்டுப் போய்விடும் அந்தச் சாமி, இந்தக் கருக்களுக்கு என்ன நேர்வது. காலேஜில் பீங்கான் வாளிக்குள் கிடக்கிற மூளைத்தண்டுகளும் ஒருகாலத்தில் யாருடைய நெஞ்சின் மேலாவது இப்படிக் கிடந்தவைதான். அதை அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஒருநாள் முதல் தடவையாக விழுங்கியிருக்கிறது, யாரோ பார்த்துக் கும்மாளம் போட்டிருக்கிறார்கள். அப்படி நினைத்ததில் பயம் வரவில்லை, வினோதமாக ஒரு சந்தோஷம் வந்தது, வாளிக்குள் கிடந்தவர்கள் எல்லாரும் இந்த வேலையில் தேறியவர்கள்தானே. தேறாமல் யாரும் பெரியவராகவில்லை. மூச்சு விட்டாள். விட்டாள். இல்லை, இது விடவில்லை. அவன் தன் நெஞ்சை அசைக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தான், எண் ஒன்று இறங்கியது, இன்னொன்று இறங்கியது, பாதத்தைச் சுண்ட வேண்டுமா, சுண்டினால் எவ்வளவு பலமாக, சிஸ்டரைக் கூப்பிட வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு பெரிய பெருமூச்சு வந்தது, கிழவிகள் வெற்றிலை போட்டு முடித்ததும் விடுவது போல. எண் ஏறியது. வெறும் பெருமூச்சு. அடி கழுதை.

அப்போதுதான் அது நடந்தது. அவள் தலையைத் தூக்கினாள், தூக்கினாள் என்பது பெரிய வார்த்தை, குல்லாவோடு சேர்த்து ஒரு நெல் அளவு நகர்த்தினாள், கன்னம் அவன் தோலில் உரசியது. நகர்ந்து, நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. வாய் திறந்திருந்தது. ஈரமாக எதையோ தேடுகிற வாய். சுடலைமுத்துவுக்கு முதலில் புரியவில்லை, பிறகு உடம்பு முழுக்கப் புரிந்தது, கன்னத்தில் பட்ட தொடுகை ஐந்தாம் நரம்பு வழியாகப் பான்ஸுக்குள் போகிறது, போய் எழுப்புகிறது, ஏய், பக்கத்தில் என்னவோ இருக்கிறது என்கிறது, கழுத்தைத் திருப்பப் பதினொன்று, உதட்டைக் குவிக்க ஏழு, தாடையைத் திறக்க ஐந்து, இதோ, இதோ, நகர்கிறாள், வருகிறாள், எங்கே வருகிறாள். அட கடவுளே. வேண்டாம்மா, அது இல்லை, அங்கே ஒன்றும் கிடையாது, என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவனுடைய இடது மார்க்காம்பை அவள் கவ்விவிட்டாள். கவ்வி இழுத்தாள். அந்த இழுப்பு. ஒன்றரைக் கிலோவுக்குள் இவ்வளவு பலத்தை யார் வைத்தது. கூசியது, சுரீர் என்று வலித்தது, வெட்கம் காது வரை ஏறியது, எதிர் நாற்காலியில் தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டிருந்த பெண் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. குலுங்கட்டும். உறிஞ்சினாள், உறிஞ்சினாள், நிறுத்தினாள். அவன் மானிட்டரைப் பார்த்தான். மூச்சு விட்டாள். மறுபடி உறிஞ்சினாள். நிறுத்தினாள், மூச்சு விட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவன் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தது அத்தனையும் அவன் மார்பில் வந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது, வலிக்க வலிக்க. அவனுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. அசையக் கூடாது என்பதால் அழுதான்.

சிஸ்டர், என்றான். ஜெபராணி சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என்ன சார் என்று குனிந்தவள், துணியை விலக்கிப் பார்த்தாள். பதினெட்டு இருபது வருஷம் இந்த அறையிலேயே கிடந்த பெண், சிரிப்பை அடக்க அவளுக்குத் தெரியும், அன்றைக்குத் தெரியவில்லை. சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“சாரு, நீங்க இவ்வளவு பெரிய வாத்தியாரு, நீ ஆளு மாறி வந்துட்டன்னு பிள்ளைகிட்டச் சொல்லப்பிடாதா?”

“அவ கேட்டாத்தானே சிஸ்டர்,” என்றான் அவன், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல்.

சிஸ்டர் தன் விரலால் குழந்தையின் வாயோரத்தை மெல்ல அழுத்திப் பிடியை விடுவித்தாள். குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. முகம் சுருங்கியது, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது, இதுவரை அவள் போட்டதிலேயே பெரிய சத்தம் அதுதான். டாக்டர் ரெஹானாவுக்கு ஆள் போனது, அவர் வந்து மானிட்டரையும் பிள்ளையையும் பார்த்து, சரி, கொடுத்துப் பாருங்கள் என்றார். மேலேயிருந்து வந்த கிண்ணத்திலிருந்து ஆவுடையின் பால் பாலாடையில் இறங்கியது, கொதிக்க வைத்து ஆறிய எவர்சில்வர் பாலாடை, மூக்கு நீண்டு, ஊரில் எல்லார் வீட்டிலும் ஒன்று கிடப்பது. சிஸ்டர் குழந்தையைத் தன் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பின்கழுத்தைக் கையில் ஏந்தி, பாலாடையின் நுனியை உதட்டோரத்தில் வைத்தாள். சுடலைமுத்து சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் அவள் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். முதல் சொட்டு உதட்டில் நின்றது. நாக்கு வந்தது, தொட்டது, உள்ளே போனது. ருசி போய்ச் சேர்ந்திருக்கும், இனிப்பு, முகுளத்துக்குள் யாரோ விளக்கைப் போட்டிருப்பார்கள். பிறகு எதுவும் நடக்கவில்லை. பால் வாய்க்குள் கிடந்தது. இருமினால் தப்பு, நீலமானால் தப்பு, பேர்கூடத் தெளிவில்லாத அந்தக் கரு எங்கேதான் இருக்கிறதோ, இருந்தால் இப்போது காட்டிக்கொடுத்துவிடு, இனி எந்தப் பையனிடமும் உன்னைப் பற்றிக் கேலி பேசமாட்டேன். தொண்டையில் ஒரு அசைவு தோலுக்கு அடியில் ஓடியது. விழுங்கினாள். விழுங்கிவிட்டு மூச்சு விட்டாள். உதட்டை நக்கினாள். சிஸ்டர் அடுத்ததைச் சாய்த்தாள், அதுவும் போனது, அடுத்ததும், நடுவில் ஒரு தடவை நின்று யோசித்தாள், எல்லார் உயிரையும் எடுத்துவிட்டு விழுங்கினாள். பாலாடை காலியானது. குழந்தை வாயைத் திறந்தது, ஒன்றும் வரவில்லை, மறுபடி திறந்தது, பிறகு குரலெடுத்தது. இன்னும் கேக்கா, என்று சிஸ்டர் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள் சிஸ்டர், அடியில் ஈரம்தான் இருந்தது. மிச்சத்தைக் கொட்ட வேண்டாம் என்று இந்த வேளை குழாய்க்கு வேண்டிய கொஞ்சத்தை மட்டும்தான் மேலே கேட்டு வாங்கியிருந்தார்கள்.

அவன் போனை எடுத்தான். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது, மூன்றாவது தடவை ஆவுடை எடுத்தாள். நேற்று இதே நேரத்தில்தான் அவன் கூப்பிட்டு மூச்சு மறந்த கதையைச் சொல்லியிருந்தான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது இந்தப் பக்கம் கேட்டது. சொல்ல எவ்வளவோ இருந்தது, ஏழாம் கரு, பன்னிரண்டாம் கரு, தன் மார்பில் நடந்த கூத்து, அதெல்லாம் அப்புறம்.

“ஆவுடை,” என்றான். “பால் பத்தலயாம். அவ இன்னும் கேக்கா.”

பின்னணியில் குழந்தை வீறிடுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கட்டில் கிரீச்சிட்டது, தையல் இழுத்து அவள் ஸ் என்றது கேட்டது, போனை அணைக்காமலே மெத்தையில் எறிந்தது கேட்டது, பிறகு தூரத்திலிருந்து அவள் குரல், இந்த இரண்டு வாரத்தில் அவன் கேட்டேயிராத உரத்த குரல், வார்டு முழுக்கக் கேட்கும்படி ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது:

“ஏ அக்கா, அந்தக் கிண்ணத்த எடுங்க. எம்பிள்ளைக்குப் பசிக்கி.”